புதிய நெல் ரகம் வயலில் தேறும் விதம்

(முத்தாபுதுப்பேட்டையில், சுற்றுவட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



“புது ரகம் வந்திருக்கிறதாமே, போட்டுப் பார்க்கலாமா?” என்னும் கேள்வியை ஒவ்வொரு பட்டத்தின் தொடக்கத்திலும் விவசாயிகள் எங்களிடம் கேட்கின்றனர். கேட்கிறவர் பெரும்பாலும் ஓரிரண்டு ஏக்கர் நிலம் உடையவர். நகையை அடகு வைத்தோ, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றோ பயிர் செய்பவர். அவர் நம்பிப் போட்ட ரகம் பொய்த்துவிட்டால், அந்த நட்டம் ரகத்தை உண்டாக்கியவரையோ பரிந்துரைத்தவரையோ சேர்வதில்லை. அவர் வீட்டுக் குதிர்தான் வெறுமையாகிறது. ஆதலின் இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறிவிட்டுப் போவது முறையாகாது. ஒரு ரகம் எவ்வாறு பிறக்கிறது, எந்தெந்தச் சோதனைகளைக் கடந்து வருகிறது, கடைசிச் சோதனை ஏன் உங்கள் வயலிலேயே நடக்க வேண்டியிருக்கிறது என்பவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

இதற்கு உதாரணம் தேடி நாம் தொலைதூரம் போகவேண்டுவதில்லை. ஆவடியில் ரயிலேறித் திருவள்ளூர் நோக்கிச் சென்றால் பட்டாபிராம், நேமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு ஆகிய ஊர்களைக் கடந்து செவ்வாப்பேட்டை வருகிறது. அதனை அடுத்த திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1940-களில் தொடங்கப்பெற்ற நிலையம் அது. டி.கே.எம். என்று நாம் வழங்கும் நெல் ரகங்கள் யாவும் அங்கே உருவானவை. அம்மூன்று எழுத்துக்கள் திரூர்க்குப்பம் என்னும் ஊர்ப் பெயரையே குறிக்கின்றன. நம் அண்டை ஊரின் பெயரைத் தாங்கிய நெல் ஒன்று உலகத்து நெல் வயல்களில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். டி.கே.எம்.6 என்னும் ரகத்தையே குறிப்பிடுகிறோம்.

அதன் வரலாற்றை அதன் முன்னோரிடமிருந்து தொடங்க வேண்டும். 1912-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அக்காலத்தில் அங்கே பணியாற்றியவர் பார்னெல் என்னும் ஆங்கிலேயத் தாவர இயல் அறிஞர். கோணமணி என்னும் நாட்டு நெல்லில், இயல்புக்கு மாறிச் சன்னமான மணியோடு நின்ற செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1921-இல் வெளிவந்த ரகம் ஜி.இ.பி.24. இந்த ஜி.இ.பி. என்பது அரசாங்கத்தின் பொருளாதாரத் தாவர இயல் அறிஞர் என்னும் உத்தியோகத்தின் ஆங்கிலப் பெயரில் வரும் முதலெழுத்துக்களேயன்றி வேறில்லை. விவசாயிகள் அப்பெயரைப் பொருட்படுத்தாமல் கிச்சிலிச் சம்பா என்று அழைத்துத் தமதாக்கிக்கொண்டனர். உத்தியோகப் பெயர் ஏட்டில் நின்றது. கிச்சிலி என்ற பெயர் சந்தையில் நின்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயலில் ஒரு செடி மாறி நிற்பதைக் கண்டு, அதன் கதிரைத் தனியே அறுத்து, தனியே விதைத்துப் பார்ப்பதுதான் பொறுக்கு முறை. இதை நம் முன்னோர் பன்னெடுங்காலமாகச் செய்துவந்தனர். ஆயிரக்கணக்கான நாட்டு ரகங்கள் நமக்குக் கிடைத்தது அதனாலேதான். ஆராய்ச்சி நிலையம் அதனோடு சேர்த்த புதுமை, எழுதி வைத்த கணக்கும், பக்கத்தில் ஒப்பு ரகத்தை நட்டு அளந்து பார்க்கும் பழக்கமும் ஆகும்.

ஆயினும் பொறுக்கு முறையால் இருப்பதைத்தான் எடுக்க முடியும். ஒரு ரகத்தின் மணியழகும் மற்றொன்றின் நோய் தாங்கும் தன்மையும் ஒரே செடியில் வேண்டுமானால் இரண்டையும் மணம் செய்விக்க வேண்டும். நெல்லின் ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தப் பைகளும் ஒரு சூலகமும் உள்ளன. பூ விரியும் தறுவாயிலேயே பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே அது கருவுற்றுவிடும். ஆதலால் தாயாக வைத்துக்கொண்ட செடியின் கதிரில், மறுநாள் விரியவேண்டிய பூக்களைத் தேர்ந்து, உமியின் நுனியைக் கத்தரித்து, ஆறு பைகளையும் சிறு இடுக்கியால் நீக்கிக் காகித உறையிட்டு மூடுவர். மறுநாள் முற்பகலில், தந்தைச் செடியின் கதிரைக் கொணர்ந்து அதன் மேல் மெதுவாகத் தட்டுவர். ஒரு கதிரில் சில மணிகள் கிடைத்தால் அதுவே பெரிது. கண்ணும் கையும் நடுங்காமல் செய்யவேண்டிய இந்த வேலையில் கைதேர்ந்த வயல் உதவியாளர்கள், பட்டம் பெற்ற அறிஞர்களைவிடச் சிறப்பாகச் செய்யக் கண்டிருக்கிறோம்.

அம்மணிகளை விதைத்தால் முதல் தலைமுறையில் எல்லாச் செடிகளும் ஒன்றுபோலவே இருக்கும். அதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. இரண்டாம் தலைமுறையில் குணங்கள் சிதறுகின்றன. நெட்டையும் குட்டையும், சிவப்பும் வெள்ளையும், முந்தி முதிர்வதும் பிந்தி முதிர்வதுமாக ஆயிரக்கணக்கான செடிகள் ஆயிரம் விதமாக நிற்கும். அவற்றுள் வேண்டியவற்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் சந்ததியையும் தனித்தனி வரிசையாக நட்டு, ஆறேழு தலைமுறை வரை வடித்தெடுத்தால்தான் பிறழாத ஒரு வளர்ப்பு நிலைக்கும். கலப்பு செய்த நாளிலிருந்து ரகம் வெளிவரும் நாள் வரை ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. “இவ்வளவு தாமதமா?” என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஜி.இ.பி.24-ஐயும் கோ 18-ஐயும் இவ்விதம் கலந்து பெறப்பட்டு, 1952-இல் வெளியானதே டி.கே.எம்.6. சன்ன அரிசி, குறுகிய வயது ஆகிய இவற்றோடு அதனிடம் இருந்த அரிய குணம், குருத்துப்பூச்சி என்று நாம் சொல்லும் தண்டு துளைப்பானை ஓரளவு தாங்கி நிற்பது. அக்காலத்தில் அதற்குப் பெரிய விளம்பரம் இல்லை.

நிற்க. 1966-இல் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8-ஐ வெளியிட்டது. இந்தோனேசியாவின் நெட்டை நெல்லான பேட்டாவையும் தைவானின் குட்டை நெல் ஒன்றையும் கலந்து பெற்றது அது. எவ்வளவு உரமிட்டாலும் சாயாமல் நின்று, கண்டோர் வியக்க விளைந்தது. நம் வடஆர்க்காட்டு விவசாயி ஒருவர் தம் மகனுக்கே ஐ.ஆர்.எட்டு என்று பெயரிட்டார் என்றால் அக்காலத்து உற்சாகத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆயின் அரிசி தடிப்பு. வயிற்றில் வெண்மை பாய்ந்து, அரைவையில் நொறுங்கியது. ஆறினால் சோறு விறைத்தது. பூச்சியும் நோயும் அதை எளிதில் தாக்கின. சந்தையில் விலை குறைந்தது. விளைச்சல் ஒன்றையே பார்த்து மதிப்பிடுவது எத்தகைய அரைகுறை மதிப்பீடு என்பதை ஐ.ஆர்.8 எல்லாருக்கும் கற்பித்தது.

அந்தக் குறையை நீக்க அறிஞர்கள் தேடியபோதுதான் நம் டி.கே.எம்.6 நினைவுக்கு வந்தது. பிலிப்பைன்சில் அதைக் கலந்து 1969-இல் வெளிவந்தது ஐ.ஆர்.20. 1970-களில் தமிழ்நாட்டுச் சம்பா வயல்களில் பெரும்பரப்பை அது பிடித்துக்கொண்டதை முதியோர் அறிவர். கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் டி.கே.எம்.6-ஐயும் ஐ.ஆர்.8-ஐயும் கலந்து ‘ரத்னா’ என்னும் ரகத்தை உண்டாக்கினர். பாக்டீரியா இலைக் கருகலைத் தாங்கும் மரபுக்கூறு ஒன்றும் டி.கே.எம்.6-இலிருந்து பல ரகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இவற்றுள் மிகவும் விந்தையானது 1973-இல் வெளியான ஐ.ஆர்.26-இன் கதை. அது ஐ.ஆர்.24-க்கும் டி.கே.எம்.6-க்கும் பிறந்தது. பெற்றோர் இருவருமே புகையான் என்னும் பழுப்புத் தத்துப்பூச்சிக்கு இரையாகிறவை. பிள்ளையோ அப்பூச்சியை எதிர்த்து நின்றது! ஆராய்ந்து பார்த்ததில், எதிர்ப்புக் குணம் டி.கே.எம்.6-இல் ஏற்கெனவே இருந்ததும், அதை வெளிப்பட ஒட்டாமல் மற்றொரு குணம் அமுக்கி வைத்திருந்ததும் தெரியவந்தன. சந்ததியில் அவ்விரண்டும் பிரிந்தபோது மறைந்திருந்தது வெளிப்பட்டது. நாட்டு ரகங்களையும் பழைய ரகங்களையும் ‘பயனற்றவை’ என்று தூக்கி எறியலாகாது என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் குணத்தைக் கொண்டு மட்டும் ஒரு விதையின் பயனை அளந்துவிட முடியாது.

இக்கதைக்கு ஒரு பின்பகுதியும் உண்டு. ஐ.ஆர்.26-ஐப் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் பரந்த வெளியில் ஒரே ரகமாக நட்டனர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அதனையும் உண்ணவல்ல புகையான் வகை பெருகிவிட்டது. அதற்கு மாற்றாக 1976-இல் ஐ.ஆர்.36 வந்தது. 1980-களில் உலகில் ஒரு கோடி எக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் அது பயிரானது. அதன் முன்னோர்களுள்ளும் டி.கே.எம்.6 இருக்கிறது. பூச்சி மாறிக்கொண்டே போகிறது. ஆதலின் ரகமும் மாறியாக வேண்டும். நாடு முழுவதும் ஒரே ரகத்தை நடுவது பூச்சிக்கு விருந்து வைப்பதாகும்.

இனி நம் வட்டாரத்தின் நிலையைப் பார்ப்போம். சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டம் நமக்கு உண்டு. ஒரு பட்டத்துக்கு ஏற்றது மற்றொன்றுக்கு ஏற்பதில்லை. நவரையில் தண்ணீர் சுருங்கும் முன்பே முதிர்ந்துவிடும் குறுகிய வயது ரகம் வேண்டும். சொர்ணவாரி அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால், உறக்க காலம் இல்லாத நெல் கதிரிலேயே முளைவிடும். சம்பாவிலோ வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி வயல் மூழ்கும் அபாயம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தை ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரிசாவின் பழைய ரகம் ஒன்றில் கண்டெடுத்த, நீரில் மூழ்கி இரண்டு வாரம் வரை உயிர் தாங்கும் குணத்தைச் சி.ஆர்.1009-இல் சேர்த்துச் சி.ஆர்.1009 சப்-1 என்னும் ரகம் உண்டாக்கப்பட்டிருக்கிறது. தாழ்வான வயலுக்கு அது நல்லது. வயது நீண்டதாதலால் ஏரித் தண்ணீர் கடைசிவரை வரும் என்ற உறுதி உள்ளவர்களுக்கே அதைச் சொல்வோம்.

திரூரிலிருந்து 1978-இல் வந்த டி.கே.எம்.9 செந்நிற அரிசி. குட்டையான தடித்த மணி. நூறு நாளை ஒட்டிய வயது. ‘சிவப்பரிசிக்கு விலை ஏது?’ என்று கேட்டவர்களும், அது கைவிடாத நெல் என்று பாராட்டியவர்களும் உண்டு. அதே நிலையம் 2015-இல் வெளியிட்டது டி.கே.எம்.13. ஏறத்தாழ 130 நாள் வயதும் நடுத்தரச் சன்ன அரிசியும் உடையது. ஆந்திரப் பொன்னி என்று சந்தையில் வழங்கும் பி.பி.டி.5204-க்கு மாற்றாக அது கருதப்படுகிறது. இந்தப் பி.பி.டி. ரகம் ஆந்திரத்துப் பாபட்லாவில் உருவாகி 1986-இல் வெளிவந்தது. அதன் முன்னோரிலும் நம் கிச்சிலிச் சம்பா இருக்கிறது! சோற்றின் தரத்தில் அதற்கு இணை சொல்வது கடினம். வியாபாரி வாசலில் வந்து கேட்கிறார். ஆனால் குலை நோய்க்கும் இலைக் கருகலுக்கும் அது எளிதில் ஆட்படுகிறது. பனியும் தூறலும் சேர்ந்த மார்கழியில் கழுத்துக் குலை கண்டு, கதிர் வெளுத்து நின்ற வயல்களைப் பார்த்தவர்கள் இக்கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். விலையையும் பார்க்க வேண்டும், நோயையும் பார்க்க வேண்டும் என்றால் வயல் முழுவதையும் ஒரே ரகத்தில் கட்டிவிடாமல் இரண்டு ரகமாகப் பிரிப்பதே விவேகம்.

இப்பொழுது முக்கியமான பகுதிக்கு வருகிறோம். நிலையத்தில் வடித்தெடுத்த வளர்ப்பு முதலில் நிலையத்து வயலிலும், பின்னர் மாநிலத்தின் பல ஆராய்ச்சி நிலையங்களிலும், அதன்பின் விவசாயிகளின் வயல்களிலும் ஒப்பு ரகத்தோடு பக்கத்தில் வைத்துச் சோதிக்கப்படுகிறது. இவற்றில் தேறினால்தான் வெளியிடுவதற்கு மாநிலக் குழு இசைகிறது. இம்முறையில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் விவசாயியின் வயல் என்றால் எந்த விவசாயியின் வயல் என்று கேட்கிறோம். சாலை ஓரத்தில், மோட்டார்க் கிணற்றின் பக்கத்தில், வண்டல் படிந்த தலைமடையில், எருவும் ஆளும் குறைவின்றி உடையவரின் வயலில் பலகை நாட்டிவிடுவது எளிது. பார்வையிட வருவோரும் செருப்பில் சேறு படாமல் பார்த்துவிட்டுப் போகலாம். அவ்வயலில் எந்த ரகமும் விளையும். கடைமடையில் களரும் தண்ணீர்த் தட்டுப்பாடும் உள்ள அரை ஏக்கரில் அதே ரகம் என்ன ஆகிறது என்பதுதான் அந்த அரை ஏக்கர்காரருக்கு வேண்டிய செய்தி. அவருக்கு அந்தச் செய்தி கிடைக்காமலே ரகம் மட்டும் கிடைத்துவிடுகிறது.

இதைத் திருத்தும் ஆற்றல் பஞ்சாயத்துக்கு உண்டு. ஒவ்வொரு பட்டத்திலும் ஊரில் மூன்று வயல்களைப் பஞ்சாயத்தே தேர்ந்து சொல்லட்டும். தலைமடையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைமடையில் ஒன்று. ஒவ்வொரு வயலிலும் புது ரகம் ஐந்து சென்ட், ஊரில் வழக்கமாகப் போடும் ரகம் ஐந்து சென்ட். இரண்டையும் ஒரே நாளில் விதைத்து, ஒரே வயது நாற்றாக நட்டு, ஒரே அளவு உரமிட வேண்டும். புது ரகத்துக்குக் கூடுதலாக ஒரு கை யூரியா போட்டுவிட்டுப் பின்னர் ‘ஆகா’ என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். வாய்க்கால் ஓரத்தில் ஒன்றும் மேட்டில் மற்றொன்றுமாக நடாமல் இரண்டையும் ஒரே சீரான பாத்தியில் அமைப்பது நலம். மூன்று வயலிலும் ஒரே ரகம் முந்தினால் நம்பலாம். ஒரு வயலில் மட்டும் முந்தினால் அது அந்த வயலின் பெருமையாகவும் இருக்கலாம்.

அறுவடையில் அளவெடுப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறோம். வரப்பை ஒட்டிய பயிர் வெயிலும் காற்றும் மிகுதியாகப் பெற்று அதிகம் விளையும். ஆகையால் ஓரத்தை விட்டு நடுவில் ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் கயிறு கட்டி அளந்து, அதை மட்டும் தனியே அறுத்து அடிக்க வேண்டும். அந்த எடையை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் ஏறத்தாழத் தெரியும். 12 கிலோ கிடைத்தால் ஏக்கருக்கு 1,944 கிலோ என்று ஆகிறது. இங்கே ஒரு கிலோ பிசகினால் அங்கே 162 கிலோ பிசகும். ஆகவே தராசில் கவனம் வேண்டும். ஈரத்திலும் கவனம் வேண்டும். நூற்றுக்கு 20 பங்கு ஈரம் உள்ள 100 கிலோ நெல், 14 பங்கு ஈரத்துக்கு உலரும்போது 93 கிலோ ஆகிவிடுகிறது. ஒரு ரகத்தைப் பச்சையாகவும் மற்றொன்றை இரண்டு வெயில் காய்ந்த பின்பும் எடை போட்டுவிட்டு எது உயர்ந்தது என்று வாதாடுவதில் பொருளில்லை.

எடையோடு நிறுத்திவிடலாகாது. நாற்று நடும் தாய்மார்கள் எந்த ரகம் விரைவில் தூர் கட்டுகிறது, எதன் நாற்று பிடுங்கும்போது வேர் அறுகிறது என்பதை எங்களைவிட நன்றாக அறிவர். அவர்களைக் கேட்டு எழுதுங்கள். மாடு வைத்திருப்பவரிடம் வைக்கோலைப் பற்றிக் கேளுங்கள். குட்டை ரகங்களில் வைக்கோல் குறையும். சில ரகத்து வைக்கோலை மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். பத்துக் கிலோ அரைத்து எவ்வளவு முழு அரிசி, எவ்வளவு நொய் என்று பாருங்கள். பொங்கிப் பார்த்து, மறுநாள் பழையதும் உண்டு பாருங்கள். இட்லிக்கு ஆகுமா என்பதையும் வீட்டில் சொல்வார்கள். இவற்றையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கிராம சபையில் படிக்கலாம். ரகம் தோற்றுப்போனால் அதையும் மறைக்காமல் படிக்க வேண்டும். அதிகாரி மனம் வருந்துவாரோ என்று தோல்வியைச் சொல்லாமல் விடுவது நம் ஊர்களில் ஒரு மரியாதையாகவே வழங்கிவருகிறது. அந்த மரியாதையால் அடுத்த ஊர்க்காரர் கெடுகிறார்.

விதையைப் பற்றியும் சில வார்த்தைகள். வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம், உண்மைநிலை விதைக்குப் பச்சை. பைமீது எந்த அட்டை இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், ஒருமுறை நல்ல சான்று விதை வாங்கினால் சில பட்டங்களுக்கு வீட்டு விதையையே வைத்துக்கொள்ளலாம். கலப்பு நேர்வது பெரும்பாலும் பூவிலன்று. களத்திலும், சாக்கிலும், முந்திய பயிரிலிருந்து உதிர்ந்து முளைத்த நெல்லிலுமே நேர்கிறது. இக்காலத்தில் அறுவடை இயந்திரமும் இதிற் சேர்ந்துகொண்டது. முந்திய வயலின் நெல் அதன் வயிற்றில் தங்கியிருக்கும். ஆகவே விதைக்கு வேண்டிய பகுதியைக் கையால் அறுத்துக்கொள்வதே உத்தமம். அண்டை ரகத்துக்கும் விதைப் பயிருக்கும் இடையே மூன்று மீட்டர் இடைவெளி விட்டு, தூர் கட்டும்போதும் பூக்கும்போதும் அறுவடைக்கு முன்னும் கலவன்களைப் பிடுங்கிவிட வேண்டும். விதைக்குமுன் உப்புக் கரைசலில் பதர் நீக்குவதை மறவாதீர்கள். தண்ணீரில் கோழிமுட்டையைப் போட்டு, முட்டையின் மேற்பகுதி பழைய நாலணாக் காசளவு வெளியே தெரியும் வரை உப்புக் கரைத்து, நெல்லைக் கொட்டி, மிதப்பதை அகற்றி, அமிழ்ந்ததை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசினால் போதும். செலவு ஒரு படி உப்பு.

சட்டத்தைப் பற்றிச் சிலர் அஞ்சுகின்றனர். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட ரகமே ஆயினும் விவசாயி தம் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பிறரோடு மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உரிமை உடையவர். அந்த ரகத்தின் பெயரைப் பொறித்த பையிலிட்டு வணிகச் சரக்காக விற்பது மட்டுமே கூடாது. அதே சட்டத்தில் மற்றொரு பாதுகாப்பும் உண்டு. பதிவு செய்த ரகத்தின் விதையை அளிப்பவர், எந்த நிலையில் எவ்வளவு விளையும் என்பதை விவசாயிக்கு வெளிப்படுத்த வேண்டும். அவ்வாறு விளையாதபோது விவசாயி அதற்குரிய ஆணையத்தின் முன் இழப்பீடு கோரலாம். கோருவதற்குச் சான்று வேண்டுமே! ஆகையால் ரசீதையும் அட்டையையும் பத்திரமாக வைத்து, ஒரு பிடி விதையையும் தாளில் மடித்து எடுத்து வையுங்கள்.

தென்னந்தோப்பு உடைய அன்பர்கள் சிலர் கோகோவைப் பற்றிக் கேட்டனர். 2024-இல் உலகச் சந்தையில் அதன் விலை என்றுமில்லாத உயரத்துக்குப் போனதால் எழுந்த கேள்வி இது. கோகோ நம் நாட்டுக்குப் புதியதன்று. 1798-இலேயே குற்றாலத்தில் அதை நட்டனர். இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக இருக்கிறது. கேரளத்து வெள்ளானிக்கரையில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கருநாடகத்து விட்டலில் மத்தியத் தோட்டப்பயிர் நிலையமும் அதில் உயர்ந்த ரகங்களை உண்டாக்கியுள்ளன. நெல்லுக்கும் அதற்கும் உள்ள வேற்றுமையைச் சொன்னால் போதும். கோகோ மரங்களுள் பெரும்பாலானவை தம் மகரந்தத்தை ஏற்பதில்லை; மிகச் சிறிய ஒருவகை ஈ வேறு மரத்து மகரந்தத்தைக் கொணர வேண்டும். ஆதலின் நன்றாய்க் காய்க்கும் மரத்துக் காயின் விதையை ஊன்றினால் தாயைப் போலவே பிள்ளை வராது. தேர்ந்த மரத்தின் மொட்டை ஒட்டுக்கட்டிய கன்றோ, தேர்ந்த தாய்மரங்களைக் கலந்து நட்ட விதைத்தோட்டத்து விதையோ வேண்டும். மரம் காய்க்க மூன்றாண்டும், அதன் உண்மை விளைச்சல் தெரிய மேலும் பல ஆண்டும் ஆகின்றன. ஆகவே ஒரு ரகத்தைச் சோதித்து முடிக்கும் காலமும் நெல்லைவிட நீளம். நெல்லில் தவறினால் ஒரு பட்டம் போகும், கோகோவில் தவறினால் தோப்பில் பத்தாண்டு போகும். 1980-களின் தொடக்கத்தில் விலை வீழ்ந்தபோது கேரளத்தில் பல தோட்டங்களில் மரங்களை வெட்டி எறிந்ததும் நினைவிற்கு உரியது. நிழலும் ஈரக்காற்றும் விரும்பும் அம்மரத்தை நம் சித்திரை வெயிலுக்கு நடுவே, விலையை மட்டும் நம்பி வைப்பதற்கு நாங்கள் யோசனை கூறமாட்டோம். நல்ல நீரும் அடர்ந்த தென்னை நிழலும் உடையவர் பத்துக் கன்று வைத்துப் பார்க்கலாம். அதுவும் ஒரு சோதனையே.

வீட்டு மனைகள் நம் வயல்களை ஒவ்வொன்றாக விழுங்கி வரும் இக்காலத்தில், எஞ்சிய வயலில் எதைப் போடுவது என்பதற்கு முன்னைவிட அதிகக் கவனம் வேண்டியிருக்கிறது. வரும் சம்பாவுக்கு மேலே சொன்ன மூன்று வயல் சோதனையைத் தொடங்க விரும்பும் பஞ்சாயத்துக்கள் ஆடி பிறப்பதற்குள் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். வயலுக்கு உரியவர் பெயர், சர்வே எண், ஏரிப் பாசனமா கிணற்றுப் பாசனமா, தலைமடையா கடைமடையா, சென்ற சம்பாவில் என்ன ரகம் போட்டார், எத்தனை மூட்டை கண்டார் என்பவற்றை எழுதித் தந்தால் போதும். குத்தகைக்குப் பயிரிடுவோரும் கொடுக்கலாம். சோதனை நெல் முழுவதும் பயிரிட்டவருக்கே சேரும். கேட்டவர்களுக்கெல்லாம் போதுமான விதை கிடைக்காமற்போனால், கடைமடை வயல்களுக்கே முதலில் கொடுப்போம்.